துள்ளிசையும் தோட்டத்துப் பிள்ளைகளும்

மலையக இளைஞரின் இசைச் சுவை குறித்து நம் நண்பர்களிடையே ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. ஒரு சாரார் கூற்று இது: ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துப் பிள்ளைகள் கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு ராப் என்றும் பொப் என்றும் வருகின்ற கூச்சலையே கேட்கிறார்கள், தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் அவர்களுக்கு அந்நியமாகிவிட்டன, முதலாளித்துவச் சந்தை அவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் புதுக் கள் இது. மறு சாராரோ, "நம் பாட்டிமாரின் கதை துள்ளிசையாகி உலகமெங்கும் ஒலித்துவிட்டது, இனி மலையகத்துப் பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பான்" என்று மகிழ்கிறார்கள்.

இரு சாராரும் நம்மவர்களே, முற்போக்காளர்களே. இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு என்று சொல்லி நழுவிவிட நாம் விரும்பவில்லை. முதற் சாரார் வரலாற்றை மறந்து பேசுகிறார்கள். இரண்டாம் சாராரோ, பாட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் பாராமல் பேசுகிறார்கள். இவ்விரண்டாவது தவறே இன்று நமக்கு அதிகக் கவலை தருகிறது.

இளைஞரின் அடையாள உணர்வு என்பது மலையகத்தில் வெறும் பண்பாட்டுப் பெருமையைக் குறிக்கும் சொல் அன்று. 1823-ஆம் ஆண்டளவில் கம்பளைப் பகுதிக் கோப்பித் தோட்டத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதை இம்மக்கள் தம் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கின்றனர். ஒன்றேகால் நூற்றாண்டு உழைத்த பின்னர், 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்குப் பேரேட்டில் வைத்துப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதி 1,50,000 பேரையும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் அறுந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை வந்தது. குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரோ 'மலையகத் தமிழர்'.

இவ்விரு பெயர்களுக்கும் கீழே மூன்றாவது ஒரு பெயர் உண்டு. 'தோட்டக்காட்டான்' என்ற வசை அது. சிங்களவர் மட்டும் சொன்ன வசை அன்று. வடக்கிலும் கொழும்பிலும் உள்ள தமிழர் வாயிலும் தாராளமாகப் புரண்ட வசை. கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் இளைஞன் ஊர் எது என்று கேட்டால் 'ஹட்டன்' என்பான். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டான். அவனுக்கு அடையாளம் என்பது முதலில் ஒரு வெட்கம். ஒரு பாட்டு அந்த வெட்கத்தைக் கழற்றி எறிய உதவுமா? நமக்கு முன் உள்ள கேள்வி இதுவே. மரபு கெட்டதா, தாளம் பிசகிற்றா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

மரபுக் காவலரான நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கண்ட கோ. நடேசய்யர், தோட்டத்தினுள் வெளியார் கால் வைக்கவும் தடையிருந்த நாளில் துணி விற்பவராக வேடமிட்டுப் புகுந்தவர் என்பது நாம் அறிந்த கதை. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை செய்த பணி அதனினும் குறைவானதன்று. கூட்டங்களில் அவர் முதலில் பாடினார், பின்னரே பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் துண்டறிக்கையை என்ன செய்வார்கள்? பாட்டையோ கொழுந்து மலைக்குக் கொண்டு போவார்கள். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற தலைப்பில் 1940-இல் வெளிவந்த அவருடைய பாட்டு நூல் சட்டசபையின் அநீதியையும் தொழிலாளர் படும் பாட்டையும் எளிய பாடலாக்கித் தந்தது. பண்டிதர் மெச்சும் செய்யுளை அவர் நாடவில்லை. அக்காலத்து மக்கள் செவிக்குப் பழகியிருந்த மெட்டுக்களையே எடுத்தாண்டார். அதாவது, அந்நாளின் பொப் இசையை எடுத்துத் தொழிலாளியின் துயரத்தை அதில் ஏற்றினார். முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானதும் அதே 1940-ஆம் ஆண்டு ஜனவரியில்தான். மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும் அவகாசம் அன்று எவருக்கும் இருக்கவில்லை.

ஆகவே புதிய தாளம் வந்து மலையகத்தின் தூய மரபைக் கெடுத்துவிட்டது என்பது சரித்திரத்துக்கு ஒவ்வாத பேச்சு. தோட்டத்தில் 'தூய மரபு' என்று எது இருந்தது? தப்பை எடுத்துக்கொள்வோம். இன்று மலையகப் பண்பாட்டின் சின்னமாக மேடையேற்றப்படும் அதே தப்பு, அன்று விடிவதற்கு முன் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு விரட்டிய கருவி. துரையின் கடிகாரம் அது. அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமனுக்குக் கம்பம் ஊன்றியதும் வேறொரு குரலில் பேசத் தொடங்கும். ரதியும் மன்மதனும் லயத்துக்கு லயம் ஆடி வர, இறுதி இரவில் காமன் எரியும்போது தோட்டம் முழுவதும் அங்கே நிற்கும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. அதே தப்பை அடித்தவனைச் சாதியின் பெயரால் லயத்தின் கோடியில் நிறுத்தியதும் இந்தத் தோட்டச் சமூகமே. இதை மறைத்துவிட்டு மரபைப் போற்றுவது நமக்கு உடன்பாடன்று.

தப்பு எப்போது அடிமைத்தனத்தின் ஒலி, எப்போது மக்களின் ஒலி? தோலும் கட்டையும் ஒன்றே, அடிப்பவனும் ஒருவனே. யார் பொருட்டு அடிக்கப்பட்டது, எவர் கூடி நின்று கேட்டனர் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. துள்ளிசையையும் நாம் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

இலங்கைக்குத் தமிழ்ப் பொப் இசை புதிதன்று. 1970-களில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் நாடெங்கும் ஒலித்தன. பைலாத் தாளமும் யாழ்ப்பாணப் பேச்சும் கலந்த அப்பாட்டுக்களுக்குத் தோட்டத்திலும் ஆடினார்கள். நாமும் அவற்றை வெறுக்கவில்லை. சங்கீத சபாக்களின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தியதற்கு நன்றியும் உடையோம். ஆனால் அதே தசாப்தத்தில், 1973–74-இல், தோட்டத்து மக்கள் பட்டினியால் செத்தார்கள். 1977-இல் அடித்து விரட்டப்பட்டுக் குடும்பம் குடும்பமாக வவுனியாப் பக்கம் போனார்கள். ஒப்பந்தப்படி பெயர் எழுதப்பட்டவர்கள் ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலுக்குக் காத்து நின்றார்கள். துள்ளிசைக்கு இவை எதுவும் கேட்கவில்லை. அது வடபுலத்து வீட்டு முற்றத்தையும் கொழும்பின் கேளிக்கை மேடையையும் பாடிற்று. மலைநாட்டுக்காரன் அதற்கு நல்ல ரசிகன். பாட்டின் பொருளாக அவன் ஒருபோதும் ஆகவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டி வைத்திராவிட்டால் அம்மக்களின் குரல் அச்சிலேனும் மிஞ்சியிருக்குமோ என்பது ஐயம்.

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்த மக்கள் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய யூதர்களை ஈண்டு நினைத்துப் பார்ப்பது பயன் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்து நியூயோர்க்கின் தையல் பட்டறைகளில் நாள் முழுதும் குனிந்து கிடந்த ஏழைகள் அவர்கள். அவர்களில் ஒருவரான மொரிஸ் ரோசன்பெல்ட் யித்திஷ் மொழியில் பட்டறையைப் பாடினார். தொழிலாளர் அப்பாட்டுக்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். நம் மீனாட்சியம்மைக்கு அவர் தமையன் முறை ஆவார். சில பத்தாண்டுகள் சென்றன. 1932-இல் ஷொலொம் செக்குண்டா ஒரு யித்திஷ் நாடகத்துக்காக மெட்டமைத்த 'பை மிர் பிஸ்து ஷேன்' என்ற பாட்டின் உரிமை வெறும் 30 டொலருக்கு விற்கப்பட்டது. 1937-இல் ஆங்கிலச் சொற்களோடு அன்ட்ரூஸ் சகோதரிகள் அதைப் பாட, உலகமே முணுமுணுத்தது. பணம் மலையாகக் குவிந்தது. யித்திஷ் மொழிக்கு என்ன கிடைத்தது? அப்பாட்டை முணுமுணுத்த யூத இளைஞன் தன் தாயின் மொழியில் ஒரு வாக்கியம் பேச அதனால் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டு வென்றது, மொழி தேய்ந்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் அதே மக்களிடம் உண்டு. 1970-களில் டெபி பிரீட்மன் என்ற இளம்பெண் கிட்டாரை எடுத்துக்கொண்டு யூதப் பிள்ளைகளின் கோடைகால முகாம்களில் பாடினார். பழைய வழிபாட்டுச் சொற்களுக்கு அக்கால அமெரிக்க நாட்டார் இசையின் மெட்டு. மூத்தோர் முகஞ்சுளித்தார்கள். பிள்ளைகளோ முகாமிலே கூடிப் பாடினார்கள். ஊர் திரும்பித் தொழுகைக் கூடத்திலும் பாடினார்கள். 2011-இல் அவர் மறைந்த பின்னர், யூத மதகுருமாரைப் பயிற்றும் கல்லூரியின் இசைப் பள்ளிக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. மத வழிபாட்டை வளர்ப்பது நம் வேலை அன்று. நாம் கவனிப்பது வேறு. செக்குண்டாவின் மெட்டு எட்டிய செவிகளோடு ஒப்பிட்டால் பிரீட்மனின் மெட்டு எட்டியவை மிகச் சில. எனினும் இளைஞருக்குத் தம் மக்களோடு உள்ள பிணைப்பை உறுதிப்படுத்தியது பின்னதே. அதற்குக் கூடும் இடம் இருந்தது. கூடும் நாள் இருந்தது. கேட்டவர்கள் பாடுகிறவர்களாகவும் ஆனார்கள்.

இனி நம் காலத்துப் பாட்டுக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை எனலாம். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பி அங்கும் துண்டு நிலமின்றி நின்ற குடும்பம். அறிவு இதைப் பல தடவை பொதுவில் கூறியிருக்கிறார். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி வளர்ந்தவர் அவர். பறையையும் கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்புக்கு ஆயுதமாக்கிய குழு அது. அங்கே பெற்ற துணிவு இப்பாட்டிலும் தெரிகிறது. தன்னை வள்ளியம்மாளின் பேரன் என்று பாட்டின் உள்ளேயே பெயர் சொல்லிப் பறைசாற்றுகிறார். கொழும்புக் கடையில் தோட்டத்தின் பெயரை விழுங்கும் நம் இளைஞனுக்கு இது சிறிய காரியமா? தோட்டக் கூலியாய் இருந்த ஒரு கிழவியின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளலாம் என்று எந்தப் பாடநூலும் அவனுக்கு அதுவரை கற்பித்ததில்லை.

பாட்டின் நடுவே ஒப்பாரி வருகிறது. துள்ளிக்கொண்டிருந்த தாளம் சட்டெனத் தளர்ந்து, தோட்டத்தைத் தழைக்கச் செய்தவருக்குத் தாகம் தீரவில்லை என்ற பொருளில் குரல் உடைகிறது. நம் மதிப்பில் பாட்டின் உயிர் அந்த இடமே. 'தோட்டம்' என்ற சொல் மதுரையிலோ கோவையிலோ கேட்பவனுக்கு மரஞ்செடி வைத்த நிலம். பொகவந்தலாவையில் கேட்பவனுக்கோ அது பிறப்பிடம், வேலைத்தலம், முகவரி, வசைச்சொல் எல்லாம். ஒரே சொல் கடலின் இருகரையிலும் இருவேறு கனத்தோடு விழுகிறது.

ஆயின் குறையையும் சொல்ல வேண்டும். பாட்டில் தேயிலை இல்லை, இலங்கை இல்லை, லயம் இல்லை, கப்பல் இல்லை. ஏரியும் குளமும் ஆலமரமும் ஆதிக்குடியும் நிறைந்த ஒரு பொதுவான மண்ணே அதில் விரிகிறது. தேயிலைத் தோட்டத்தின் கதை பாட்டுக்கு வெளியே, அறிவின் பேட்டிகளில்தான் இருக்கிறது. அக்கதையை அறியாத மலையகப் பிள்ளை, தன் சொந்த வரலாற்றின் ஒரு கிளைதான் அங்கே பாடப்படுகிறது என்பதை உணராமலே ஆடி முடித்துவிடுவான். உலகம் அதை இயற்கையைப் போற்றும் இனிய பாட்டாக எடுத்துக்கொண்டது. அது சுலபம். நிலமற்றவன் யாரால் நிலமற்றவனானான் என்று கேட்பது சுலபமன்று. பாட்டு அக்கேள்வியைத் தொட்டும் தொடாமலும் விட்டதனாலேயே இத்தனை மேடைகளில் அதற்கு இடம் கிடைத்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் நடந்தவை பாட்டைவிடப் பெரிய பாடம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' ஏட்டின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி போலையும் இட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவு அங்கே இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகே அறிவின் படத்தோடு வேறோர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாட்டு ஒலித்தது; மேடையில் அறிவு இல்லை. அதையடுத்து, பாட்டை எழுதியதும் அமைத்ததும் யார் என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் மாறுபட்ட விளக்கங்களைப் பொதுவில் வைத்தனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளரே, வெளியீட்டு நிறுவனத்திடமிருந்து தங்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் நிலை இது! கொழுந்து பறித்தவள் கூடையைத் தராசில் வைக்கும்போது நிறை குறைவது மலையகத்தில் பழைய கதை. செக்குண்டாவின் 30 டொலரையும் இதனருகே வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் துள்ளிசையால் பயனில்லையா? பயன் உண்டு, அதை மலையகமே காட்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையோடு திரண்டவர்கள் யார்? தோட்டத்தை விட்டுக் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் போன இளைஞர்கள்; 'அம்மா இன்னும் மலையில் நிற்கிறாள்' என்று பகிரங்கமாகச் சொல்ல வந்தவர்கள். வெட்கம் உடைந்த நாள் அது. அந்தச் சம்பளம் 2021-இல்தான் கிடைத்தது. 2023-இல் வருகையின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபவனியில், முன்னோர் நடந்த பாதையைப் பிள்ளைகள் தம் காலால் அளந்தார்கள். இத்தகைய கூடுகைகளில் துள்ளிசைக்கு வேலை இருக்கிறது. களைத்த கால்களை நடக்கவைக்க அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. லயக் காம்பராவில் ஒருவன் மாத்திரம் போர்வைக்குள் கேட்கும்போது அதே பாட்டு வெறும் தூக்க மருந்து.

இங்கே ஆசிரியர்களோடு நமக்கு ஒரு சச்சரவு உண்டு. பாடசாலைக் கலைவிழாவுக்குத் தப்பு வருகிறது, நல்லது. பட்டுத்துணி கட்டி, பிரமுகரை வரவேற்க இரண்டு நிமிடம் அடித்து ஓய்கிறது. அது காலையில் யாரை எழுப்பியது, அதை அடித்தவரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதை எந்த மாணவனும் கேட்பதில்லை. மறுபுறம், மாணவன் கைபேசியில் வைத்திருக்கும் பாட்டை ஒழுங்கீனம் என்று பறிமுதல் செய்கிறோம். இரண்டையும் ஒரே வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் என்ன? மீனாட்சியம்மை மெட்டை எடுத்தாண்ட விதத்தை அறிந்த பிள்ளை, தனக்குப் பிடித்த ராப்பின் தாளத்தில் தன் தோட்டத்து அரைப்பேர்க் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். இலக்கணப் பிழையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். அவன் எழுதுவது சந்தைக்குப் போகாமலே போகலாம். தன் தோட்டத்துத் திருவிழாவில் நாற்பது பேர் சேர்ந்து பாடினால் அதுவே பெரிது.

அந்தப் பிள்ளையிடம் இன்னுமொரு வேலையையும் கொடுப்போம். வள்ளியம்மாளின் குடும்பம் ஒன்றல்ல. ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களில் ஒரு பாதி இன்று நீலகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாட்டரசின் தேயிலைக் கழகத் தோட்டங்களிலும் அதே கொழுந்தைத்தான் பறிக்கிறது. தன் வீட்டிலிருந்து கப்பலேறியவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்திலிருந்து என்று அவன் வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பெயர்களோடு வந்த பின் வகுப்பில் அப்பாட்டை மீண்டும் ஒருமுறை போட்டுக் கேட்கலாம்.